ஒரு லேப்டாப், ஒரு ப்ரொஜெக்டர், 42 பிள்ளைகள்: நெட்டை நம்பாமல் வகுப்பை நடத்துவது எப்படி?

அகல்விளக்கு (இழையைத் தொடங்கியவர்)

எட்டாம் வகுப்பு. அறை 20 × 24 அடி, பிள்ளைகள் 42 பேர். கையில் இருப்பவை: எக்ஸ்ஜிஏ ரகப் பழைய லாம்ப் ப்ரொஜெக்டர் (1024 × 768, 3000 லூமென்), விண்டோஸ் 10 லேப்டாப், சின்ன ஸ்பீக்கர் இரண்டு, ஆசிரியரின் ஆண்ட்ராய்டு போன். வைஃபை கிடையாது. போன் ஹாட்ஸ்பாட்தான், அதுவும் அறைக்குள் ஒரு கோடு சிக்னல். கரன்ட் அடிக்கடி போகும். புதிதாகப் பெரிய செலவு செய்ய வழியில்லை.

கேள்விகள்: கடைசி பெஞ்சுக்குத் தமிழ் எழுத்து தெளிவாகத் தெரிய என்ன செய்ய வேண்டும்? நெட் இல்லாமல் என்னென்ன ஓடும்? பிள்ளைகள் கையில் கருவி எதுவும் இல்லாமல் 42 பேரின் பதிலையும் ஒரே நேரத்தில் வாங்க முடியுமா?

நிழற்கோடு

முதலில் படத்தின் அளவு. ப்ரொஜெக்டரின் கையேட்டில் த்ரோ ரேஷியோ என்று ஓர் எண் இருக்கும். சாதாரண மாடல்களில் 1.5-ஐ ஒட்டி வரும். லென்ஸிலிருந்து சுவர் வரையுள்ள தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் படத்தின் அகலம். 3 மீட்டர் தள்ளி மாட்டினால் 3 ÷ 1.5 = 2 மீட்டர் அகலம். எக்ஸ்ஜிஏ என்பதால் உயரம் அதில் முக்கால் பங்கு, அதாவது 1.5 மீட்டர். கடைசி பெஞ்ச் படத்தின் உயரத்தைப் போல் ஆறு மடங்கு தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 1.5 × 6 = 9 மீட்டர். உங்கள் அறையின் நீளமே 7.3 மீட்டர்தான், போதும். அகலத்திரை வீடியோ போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து உயரம் 1.12 மீட்டராகக் குறையும். அப்போதும் 6.7 மீட்டர் வரை சமாளிக்கலாம்.

படத்தின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 4 அடிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் முன் பெஞ்ச் தலைகள் கடைசி வரியை மறைக்கும். இந்த உயரத்துக்கு மேசை சரிவராது. மேசையில் வைத்து முன்பக்கக் காலைத் தூக்கிவிட்டால் படம் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் விழும். உடனே எல்லோரும் கீஸ்டோன் பட்டனை அழுத்துகிறார்கள். கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. கீஸ்டோன் என்பது லென்ஸை நகர்த்துவதில்லை, படத்தைக் கணினி முறையில் சுருக்கிச் சாய்க்கிறது. 768 வரிசைப் புள்ளிகளில் ஒரு பகுதி படத்துக்குப் பயன்படாமல் போகும். நேர்கோடு ரம்பப் பல்லாகும். தமிழில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி.

கூரையில் தலைகீழாக மாட்டுங்கள். மெனுவில் 'ஃப்ரன்ட் சீலிங்' தேர்ந்தால் படம் நிமிரும். லென்ஸ் திரையின் நடுக்கோட்டுக்கு நேராக இருக்கட்டும். கீஸ்டோன் எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மிச்சமிருக்கும் சாய்வைப் பிராக்கெட் ஸ்க்ரூவில் சரிசெய்யுங்கள். ஃபோகஸைக் கடைசியாக வையுங்கள். விளக்கு எரிந்து பத்து நிமிடம் சூடான பிறகு ஃபோகஸ் கொஞ்சம் நகரும்.

வெள்ளை மார்க்கர் போர்டில் படம் விழவைக்காதீர்கள். பளபளப்பில் விளக்கு அப்படியே எதிரொளித்து, நடு வரிசைப் பிள்ளைகளின் கண்ணில் ஒரு வெள்ளை வட்டம் அடிக்கும். பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட் அடித்த சுவரே போதும்.

எழுத்தாணி

மேலே சொன்ன புள்ளிதான் சோதனை. 'க்', 'ங்', 'ண்', 'ன்' என்று ஒரு வரி எழுதித் திரையில் விட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள், நின்றுகொண்டு அல்ல. நான்கிலும் புள்ளி தனியாகத் தெரிந்தால் அந்த அளவு சரி. 'ண'வுக்கும் 'ன'வுக்கும் சுழி எண்ண முடியாவிட்டால் அளவு போதாது. பெரும்பாலும் 28 பாயின்டில் தொடங்கி 32-க்குப் போக வேண்டியிருக்கும். ஆங்கிலம் 24-இல் தெரிகிறதே என்று தமிழையும் 24-இல் வைக்க வேண்டாம். ஒரே எழுத்துக்குள் சுழி, கொம்பு, கால், புள்ளி எல்லாம் அடங்கியிருக்கிறது. தடித்த எழுத்து தலைப்புக்கு மட்டும். பத்தி முழுதும் தடித்துவிட்டால் சுழிகளின் உள்ளிடம் அடைந்துவிடும்.

வரி இடைவெளி 1.2 அல்லது 1.3. இல்லாவிட்டால் மேல் வரியின் 'ழு', 'டு' கீழே தொங்கும் இடத்தில் கீழ் வரியின் 'கீ', 'தி' கொக்கி வந்து முட்டும்.

இன்னொரு காரணமும் எழுத்தைக் கெடுக்கும். லேப்டாப் 1366 × 768, ப்ரொஜெக்டர் 1024 × 768. இரண்டும் பொருந்தாமல் படம் சுருக்கி அனுப்பப்பட்டால், ஃபோகஸ் எவ்வளவு திருகினாலும் மங்கல் போகாது. விண்டோஸ் கீயையும் 'பி' (P) கீயையும் சேர்த்து அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' வையுங்கள். பிறகு டிஸ்ப்ளே செட்டிங்ஸில் இரண்டாவது திரையைத் தேர்ந்து 1024 × 768 கொடுங்கள். ஸ்லைடையும் 4:3-க்கு மாற்றிவிடுங்கள். எக்ஸ்டெண்டில் இன்னொரு லாபம், உங்கள் குறிப்பும் அடுத்த ஸ்லைடும் உங்கள் திரையில் மட்டும் தெரியும்.

எழுத்துரு: யூனிகோடில் நிர்மலா யுஐ, லதா, நோட்டோ சான்ஸ் தமிழ் எதுவானாலும் சரி. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வினாத்தாளை வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும். அந்த எழுத்துருவை ஊரெல்லாம் நிறுவிக்கொண்டு திரியாமல், எழுத்துரு மாற்றியில் ஒரே தடவையாக யூனிகோடாக்கிச் சேமித்துவிடுங்கள். மாற்றிய பின் 'ஸ்ரீ', 'க்ஷ', 'கௌ' வரும் இடங்களையும் கணிதக் குறியீடுகளையும் கண்ணால் ஒரு முறை பார்க்க வேண்டும், பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும். அனிமேஷன் தேவையில்லாத பாடத்தை பிடிஎஃப் ஆக்கி எடுத்துப்போனால் எழுத்துருத் தொல்லையே இல்லை.

அகல்விளக்கு

நன்றி. பிடிஎஃப் பற்றி ஒன்று: பாடநூல் பிடிஎஃபிலிருந்து பத்தியை காப்பி செய்து ஸ்லைடில் ஒட்டினால் 'கொ', 'யொ' எல்லாம் சிதறுகிறதே?

எழுத்தாணி

பிடிஎஃபுக்குள் எழுத்துகள் வரையும் வரிசையில் சேமித்திருந்தால் கொம்பு முன்னால் வந்துவிடும். சில கோப்புகளில் உள்ளே இருப்பதே பழைய எழுத்துரு. காப்பி செய்து திருத்துவதில் நேரம் வீண். அந்தப் பக்கத்தை மட்டும் படமாக்கி (2 எம்பிக்குள்) கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். கோப்பின் மேல் ரைட் கிளிக், 'ஓபன் வித்', 'கூகுள் டாக்ஸ்'. படத்தின் கீழே தமிழ் எழுத்தாகவே வந்து நிற்கும். அச்சுப் பக்கம் நேராக இருந்தால் பிழை குறைவு. இரண்டு பத்திப் பக்கமாக இருந்தால் பத்தி பத்தியாக வெட்டி ஏற்றுங்கள், இல்லையேல் இரண்டு பத்தியின் வரிகளும் கலந்துவிடும். இதற்கு நெட் வேண்டும், வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

செம்புக்கம்பி

கரன்ட் விஷயம். லாம்ப் ப்ரொஜெக்டர் ஓடும்போது கரன்ட் போனால் ஃபேனும் நின்றுவிடும், விளக்கின் சூடு உள்ளேயே தங்கும். லாம்பின் ஆயுளைத் தின்பது இதுதான். கரன்ட் வந்ததும் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பதால் பயனில்லை. விளக்கு ஆறாமல் மறுபடி பற்றாது, சில நிமிடம் விடுங்கள்.

ஒரு யுபிஎஸ் இருந்தால் போதும். கணக்கு இது: யுபிஎஸ்ஸில் எழுதியிருக்கும் விஏ எண் வாட் அல்ல. 600 விஏ என்றால் சுமார் 360 வாட். ப்ரொஜெக்டர் 300 வாட்டுக்குள் இருந்தால் அது தாங்கும், சில நிமிடம்தான் தாங்கும். அந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்தி ஃபேன் ஓடி நிற்கும் வரை விட்டால் விளக்கு தப்பிக்கும். யுபிஎஸ்ஸில் ப்ரொஜெக்டர் மட்டும். லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்கிறது, அதை அதில் செருக வேண்டாம்.

ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எர்த் கோளாறு. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சரிபார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகும் வழக்கம் சில பள்ளிகளில் இருக்கிறது. பிள்ளைகள் தொடும் இடத்தில் அது உயிருக்கு ஆபத்து, ஒருபோதும் செய்யக் கூடாது.

ஹெச்டிஎம்ஐ செருகியதும் ஸ்பீக்கரில் சத்தம் நின்றுபோவது கோளாறல்ல. சத்தமும் ப்ரொஜெக்டருக்கே போயிருக்கும். கீழ்மூலை ஸ்பீக்கர் ஐகானைத் தொட்டு வெளியீட்டை லேப்டாப்புக்கு மாற்றுங்கள். ஸ்பீக்கர்களைத் திரையின் இரு பக்கமும், உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் தலைக்கு மேலே வையுங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரில் உதடும் ஒலியும் ஒட்டாமல் போகும். மொழி வகுப்புக்கு அது கெடுதல், ஒயர் போதும்.

ஹெச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டரைத் தாண்டினால் திரை கண்சிமிட்ட வாய்ப்புண்டு, நல்ல தடிமனான கேபிளாக வாங்குங்கள். லேப்டாப் முனையில் ஒரு சாண் நீள எக்ஸ்டென்ஷனை எப்போதும் மாட்டியே வையுங்கள். யாராவது கால் தடுக்கினால் பிய்வது அந்தத் துண்டாக இருக்கட்டும். லேப்டாப் போர்ட் பெயர்ந்தால் மதர்போர்டு வேலை.

கிணற்றடி

நெட் இல்லாமல் ஓடுபவை:

தீக்ஷா, அரசின் பாடச் செயலி. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறி இருக்கிறது. போனில் ஸ்கேன் செய்து வீடியோவைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், செயலியின் உள்ளேயே டவுன்லோடு கொடுத்துவிட்டால் வகுப்பில் சிக்னல் தேவையில்லை. அச்சு மங்கி ஸ்கேன் ஆகாவிட்டால் குறியின் கீழே உள்ள ஆறு எழுத்து எண்ணைத் தட்டச்சு செய்யலாம். 2023-இல் வந்த மணற்கேணி செயலியிலும் 6 முதல் 12 வரை பாட வீடியோக்கள் வகுப்புவாரியாக இருக்கின்றன.

ஃபெட் சிமுலேஷன்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் இலவச வெளியீடு, பலவற்றுக்குத் தமிழும் உண்டு. அறிவியலுக்கு இதைவிடப் பயனுள்ள ஒன்றை நான் காணவில்லை. ஹெச்டிஎம்எல்5 வகைச் சிமுலேஷன் ஒவ்வொன்றும் ஒரே ஒரு கோப்பு. மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்து டவுன்லோடு செய்து, பென்டிரைவில் போட்டு, க்ரோமில் திறந்தால் போதும். மின்சுற்று சிமுலேஷனில் வகுப்பை நடத்தும் முறை: பேட்டரி, ஒரு பல்பு, சுவிட்ச் போட்டு நிறுத்துங்கள். இரண்டாவது பல்பைத் தொடராக இணைத்தால் வெளிச்சம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா என்று முதலில் பதில் வாங்குங்கள். பிறகு இணைத்துக் காட்டுங்கள். அடுத்து அதே கேள்வி, பக்க இணைப்பில். கேள்வி கேட்காமல் சிமுலேஷனை ஓட்டிக் காட்டினால் பிள்ளைகள் அதைப் படமாகத்தான் பார்ப்பார்கள்.

கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள். தமிழ் விக்கிபீடியா முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்துவைத்துத் தேடலாம். படங்களோடு ஒரு வகை, படமில்லாமல் ஒரு வகை. கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் சாதாரண பென்டிரைவில் ஏறாது, இடம் இருந்தும் 'கோப்பு பெரிது' என்று மறுக்கும். பென்டிரைவ் ஃபாட்32 முறையில் இருப்பதே காரணம். எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மட் செய்தால் ஏறும். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பவை அழியும், முதலில் வேறிடத்தில் எடுத்துவையுங்கள்.

பழைய பாட சிடிக்கள். அவற்றில் பல அடோபி ஃப்ளாஷில் செய்தவை. ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31-ஓடு நிறுத்தப்பட்டது, அதனால் சிடி நன்றாக இருந்தும் உள்ளே பல திறக்காது. எஸ்டபிள்யூஎஃப் கோப்புகள் தனியாகக் கிடைத்தால் ரஃபிள் என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். எளிய அனிமேஷன்கள் ஓடிவிடும். பிற்காலத்தில் செய்த சிக்கலானவை சில ஓடாது.

ஹாட்ஸ்பாட் போடும் நாளுக்கு: அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸில் 'மீட்டர்ட் கனெக்ஷன்' ஆன் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் உங்கள் அன்றைய டேட்டாவைக் குடித்துவிடும். லேப்டாப்பில் 'வகுப்பு' என்று தனி யூசர் கணக்கும் உருவாக்குங்கள். அதில் வாட்ஸ்அப் வெப், சொந்த மெயில் எதுவும் வேண்டாம்.

விடைத்தாள்

42 பேரின் பதிலுக்கு ப்ளிக்கர்ஸ். பிள்ளைகளுக்குக் கருவி தேவையில்லை, ஆளுக்கு ஓர் அட்டை. கட்டக் குறியின் நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அது பதில். போன் கேமராவை அறை முழுக்க ஒரு முறை மெதுவாக ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று பெயரோடு விழும். எழுத்து மிகச் சிறியது, ஒவ்வோர் அட்டைக்கும் குறி வேறு. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் திருப்ப முடியாது.

சாதாரணத் தொகுப்பில் 40 அட்டைதான். உங்களுக்கு 42 பேர், எனவே 63 அட்டைத் தொகுப்பை எடுங்கள். வருகைப் பதிவேட்டின் வரிசை எண்ணே அட்டை எண்ணாக இருக்கட்டும். ஏ4-இல் இரண்டு அட்டை வரும், 21 தாள். வெட்டும்போது குறியைச் சுற்றி வெள்ளை விளிம்பு இருக்க வேண்டும். பளபளப்பான லாமினேஷன் போடாதீர்கள், டியூப்லைட் பட்டு மின்னி ஸ்கேன் ஆகாது. கெட்டி அட்டையில் ஒட்டினால் போதும். ஸ்கேன் விடுபடுவதற்குப் பெரும்பாலான காரணம், விரல் குறியின் மேல் படுவது.

கிணற்றடி

ப்ளிக்கர்ஸுக்கு நெட் வேண்டுமே. ஒரு கோடு சிக்னலில் நடுவில் நின்றால் வகுப்பே நிற்கும். ஏ4 தாளை நான்காக மடித்து நான்கு முகத்திலும் அ, ஆ, இ, ஈ எழுதுங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு நிறம். 'ஒன்று, இரண்டு, மூன்று' என்றதும் எல்லோரும் ஒன்றாக நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். நிறத்தைப் பார்த்தே வகுப்பில் பாதிப் பேர் தப்பு என்று உடனே தெரிந்துவிடும். மறுபடி விளக்க வேண்டுமா என்று முடிவெடுக்க அது போதும்.

விடைத்தாள்

அந்த நொடியின் முடிவுக்குப் போதும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எப்போதும் தப்பாகவே பிடிக்கும் அதே நான்கு பேரைத் தாள் காட்டிக்கொடுக்காது, அவர்கள் பக்கத்து நிறத்தைப் பார்த்து மாற்றிக்கொள்வார்கள். அவர்களுக்காகத்தான் பதிவு வேண்டும். தினமும் தாள், சிக்னல் கிடைக்கும் நாளில் வாரம் ஒரு முறை ப்ளிக்கர்ஸ் என்று வைக்கலாம். அதற்கு டேட்டாவும் அதிகம் ஆகாது. சன்னலோரம் நின்று ஸ்கேன் செய்யலாம்.

நிழற்கோடு

போனை விஷுவலைசராகப் பயன்படுத்துவதையும் சேர்த்துவிடுகிறேன். பிள்ளையின் நோட்டை அப்படியே திரையில் காட்டிக் கணக்கின் எந்த வரியில் தவறியது என்று பேச இதைவிட நல்ல வழி இல்லை. நோட்டின் மேல் இருக்கும் பெயரை மறைத்துவிட்டுக் காட்டுங்கள்.

தேவை: போனைக் கவிழ்த்துப் பிடிக்கும் ஸ்டாண்ட், டேட்டா கேபிள், எஸ்-சி-ஆர்-சி-பி-ஒய் என்ற இலவச மென்பொருள். ஜிப்பாக வரும், விரித்தால் போதும், நிறுவ வேண்டியதில்லை. போனில் 'பில்ட் நம்பர்' மேல் ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங் ஆன். கேபிளைச் செருகியதும் போனில் வரும் அனுமதிக் கேள்விக்குச் சரி கொடுங்கள். கேமரா செயலியைத் திறந்தால் லேப்டாப் வழியாகத் திரையில் விழும். வைஃபையே வேண்டாம். வேலை முடிந்ததும் டீபக்கிங்கை அணைத்துவிடுங்கள்.

போனே தெரியவில்லை என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறையக் கிடைக்கின்றன, அவற்றில் டேட்டா ஒயரே இருக்காது. படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் டியூப்லைட்டின் துடிப்பு. கேமரா செட்டிங்ஸில் ஆன்டி பேண்டிங் 50 ஹெர்ட்ஸ் வையுங்கள். ஸ்டாண்ட் உயரம் 30 முதல் 35 செ.மீ. இருந்தால் ஏ4 பக்கம் அடங்கும். போனை 'டு நாட் டிஸ்டர்ப்'பில் போட மறக்க வேண்டாம்.

சாக்கட்டி

நிழற்கோடு சார் சுவரில்தான் படம் விழ வேண்டும் என்றார். எழுத்துக்கும் வீடியோவுக்கும் சரி. வரைபடத்துக்கு மட்டும் நான் மாறுபடுகிறேன். பச்சை போர்டின் மேலேயே விழவிடுங்கள்.

ஸ்லைடின் பின்னணி முழுக் கறுப்பு, கோடுகள் வெள்ளை, தடிமன் 4 முதல் 6 பாயின்ட். சிவப்பும் நீலமும் பச்சைப் பலகையில் மறைந்துவிடும். தமிழ்நாட்டு ஆறுகள், இதயத்தின் குறுக்குவெட்டு, வட்டத்தின் தொடுகோடு, எதுவானாலும் கோட்டின் மேலேயே சாக்பீஸால் வரைந்துவிட்டு 'பி' (B) கீயை அழுத்துங்கள், பவர்பாயின்ட் திரையைக் கறுப்பாக்கிவிடும். வரைபடம் போர்டில் நிற்கும். அதன் பிறகு கரன்ட் போனாலும் பாடம் நிற்காது. காவிரியின் கிளைகளைப் பிள்ளைகளை அழைத்தே வரையச் சொல்லலாம். ஒளிக்கு முன்னால் வருபவர்கள் லென்ஸைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவையுங்கள்.

நிழற்கோடு

கோட்டுப் படத்துக்கு இது சுவரைவிட நல்லது, ஏற்கிறேன். ப்ரொஜெக்டர் அதே கோணத்தில் போர்டையும் சுவரையும் எட்டாது என்றால், வெள்ளைப் பிளெக்ஸ் பேனரின் பின்புறத்தைச் சுருட்டித் தொங்கவிட்டு, எழுத்துக்கு இறக்கியும் வரைபடத்துக்கு ஏற்றியும் கொள்ளலாம். பளபளப்பில்லாத பக்கம் வெளியே இருக்க வேண்டும்.

அகல்விளக்கு

போர்டின் பக்கத்தில் ப்ரொஜெக்டர் என்றால் சாக்பீஸ் தூள் உள்ளே போகாதா? இப்போதே பாதிப் பாடத்தில் தானாக அணைந்துவிடுகிறது.

செம்புக்கம்பி

அணைவதற்குக் காரணமே பெரும்பாலும் அதுதான். ஃபில்டர் அடைத்துக் காற்று நுழையாமல் உள்ளே சூடேறினால் டெம்ப் விளக்கு எரிந்து தானாக அணையும். சாக்பீஸ் புழங்கும் அறையில் மாதம் ஒரு முறை ஃபில்டரைக் கழற்ற வேண்டும். கையேட்டில் அதைவிட நீண்ட இடைவெளி எழுதியிருந்தாலும் அது தூளில்லாத அறைக்கான கணக்கு.

மெயின் சுவிட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பக்கவாட்டிலோ அடியிலோ உள்ள மூடியைத் தள்ளினால் ஃபில்டர் தட்டு வரும். அறைக்கு வெளியே கொண்டுபோய் மென்மையான பிரஷால் தட்டுங்கள். ஸ்பாஞ்சாக இருந்தாலும் கழுவலாம் என்று கையேடு சொன்னால் மட்டும் கழுவுங்கள். காகித மடிப்பு வகையில் தண்ணீர் பட்டால் அது போச்சு. ஃபில்டர் உள்ளே இருக்கும்போது ப்ளோயர் அடிக்காதீர்கள், தூள் நேராக உள்ளே போகும். அப்படிப் போய்விட்டதா என்று பார்க்க வெறும் கறுப்பு ஸ்லைடு ஒன்றைப் போடுங்கள். பச்சையாகவோ நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ மங்கலான திட்டு தெரிந்தால் எல்சிடி தகட்டின் மேல் தூள் உட்கார்ந்திருக்கிறது. அது சர்வீஸ் சென்டர் வேலை, வீட்டில் திறக்க வேண்டாம். டிஎல்பி வகையில் (எல்சிடி தகட்டுக்குப் பதில் நுண்கண்ணாடிகளால் படம் காட்டுபவை) பலவற்றுக்கு ஃபில்டரே கிடையாது, அவற்றில் காற்றுத் துளைகளை வெளிப்பக்கம் மட்டும் துடைத்தால் போதும்.

திருப்பி மாட்டியதும் மெனுவில் 'ஃபில்டர் ரீசெட்' கொடுங்கள். இல்லாவிட்டால் சுத்தமான ஃபில்டருக்கும் 'சுத்தம் செய்' என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். டஸ்டரை ப்ரொஜெக்டருக்கு நேர் கீழே தட்ட வேண்டாம். போர்டை ஈரத்துணியால் துடைத்தால் பாதித் தூள் காற்றிலேயே ஏறாது.